வண்டிக்கு முன்னே மெக்கானிக்: ஓய்வுக்காலமும் பழைய காரும்

தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயது இப்போது 60. 2025-ல் ஓய்வு பெற்ற ஒருவர் 1965-ல் பிறந்தவர். அவர் கல்லூரி வாசலை மிதித்த காலத்தில், 1983 டிசம்பரில், மாருதி 800 சாலைக்கு வந்துவிட்டது. கடன் வாங்கி அவர் ஓட்டிய முதல் கார் பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பணிக்கொடை வங்கியில் விழுந்ததும், "ஒரு பழைய காரை வாங்கிச் சரி பண்ணப் போகிறேன்" என்று அவர் தேடிக் கிளம்புவது மாருதியை அல்ல. பியட், அம்பாசிடர், கொஞ்சம் விஷயம் தெரிந்தவரென்றால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவை அவருடைய கார்கள் அல்ல, அப்பா காலத்துக் கார்கள். பெரும்பாலான வீடுகளில் அப்பாவிடமும் அது இருந்ததில்லை. டாக்டர் வீட்டு வாசலில் நின்றது, கல்யாணத்துக்கு இரவல் வாங்கி மாலை போட்டது, ஊருக்கு வந்த மாமா ஒரே ஒரு ரவுண்டு ஏற்றிப்போனது. ஐம்பது வருடத்துக்கு முன் வெளியிலிருந்து தொட்டுப்பார்த்த கதவை உள்ளேயிருந்து சாத்த வேண்டும் என்ற ஆசை அது.

ஆசையில் தவறில்லை. அதை எப்படிக் கையாள்வது என்பதில்தான் இங்கே நடக்கும் பேச்செல்லாம் இரண்டு இடங்களில் சிக்கிக்கொள்கிறது. ஒன்று, "எவ்வளவு செலவாகும்?" இன்னொன்று, "ஸ்பேர் கிடைக்குமா?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: இந்த வண்டியைத் தெரிந்த ஒரு மெக்கானிக் என் ஊரில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறாரா? பணத்தைப் புரட்டலாம், ஸ்பேரைக் கடைந்தெடுக்கலாம். ஆள் இல்லையென்றால் அந்த வண்டி உங்கள் போர்டிகோவில் தார்ப்பாய்க்குள் கிடக்கும் இன்னொரு பொருள், அவ்வளவுதான்.

முதலில் எந்தெந்தக் கார்கள் நம் கைக்கு எட்டும் என்று பார்த்துவிடலாம். சுதந்திரத்துக்குப் பிறகு, மாருதி வரும்வரை, இந்தியாவில் தனியாருக்குக் கார் என்றால் அடிப்படையில் மூன்று கம்பெனிகள். வங்காளத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. மூன்றுமே வெளிநாட்டு வடிவங்களை வாங்கி வந்து இங்கே செய்தவை. அம்பாசிடர் என்பது பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. நமது பியட், பத்மினி எல்லாம் இத்தாலியின் பியட் 1100. ஹெரால்டு, பிரிட்டனின் டிரயம்ஃப் ஹெரால்டு.

அம்பாசிடரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1950-களின் கடைசியிலிருந்து 2014 மே மாதம் வரை வந்த வண்டி. இடையில் முகமும் விளக்கும் எஞ்சினும் மாறின, கூடு மாறவில்லை. முதன்முதலாக இந்த வேலையில் இறங்குகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான்: 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ள அம்பாசிடர், அதுவும் இப்போது ஓடிக்கொண்டிருப்பது. அழகுக்காகச் சொல்லவில்லை. டாக்ஸியாகவும் அரசு வண்டியாகவும் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தாலுகாவிலும் அது ஓடியதால், அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் ஒவ்வொரு தாலுகாவிலும் மிச்சமிருக்கின்றன என்பதற்காக.

பியட் இன்னும் நளினமானது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். 1954-ல் தொடங்கி, டிலைட், பிரசிடென்ட், பத்மினி என்று பெயர் மாறி மாறி 2000-ஐ ஒட்டி நின்றுபோனது. ஆரம்பகால பியட்களில் முன்கதவு பின்பக்கமாகக் கீல் வைத்துத் திறக்கும். பழைய கார் பைத்தியங்களுக்கு அதன் மேல் ஒரு தனிக் கிறுக்கு உண்டு. பியட்டின் எதிரி துரு. தனிச் சேசிஸ் கிடையாது, கூடும் தளமும் ஒன்றாகப் பற்ற வைத்தது. ஆகவே கால்மிதியடியைத் தூக்கிப் பார்த்துத் தளத்தில் ஓட்டை தெரிந்தால், அது "ஒரு தகடு வைத்துக்கொள்ளலாம்" என்கிற ஓட்டை அல்ல, வண்டியின் முதுகெலும்பில் விழுந்த ஓட்டை. சென்னையில் கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வாழ்ந்த பியட்டை வாங்குகிறவர், விலை பேசுவதற்கு முன் ஒரு திருப்புளியும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு படுத்துப் பார்க்க வேண்டும். அம்பாசிடரின் கூடும் இதே வகைதான். ஆனால் தகடு கனம், கொஞ்சம் தாங்கும்.

ஹெரால்டு விஷயத்தில் என் சார்பை மறைக்கப்போவதில்லை. அது நம்மூர்க் கார். 1961-லிருந்து சென்னையில் வந்தது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு தொழிற்சாலை நின்ற இடத்தில் இன்று மென்பொருள் வளாகக் கட்டடங்கள். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. அதன் பிறப்பிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1950-களில் பிரிட்டனில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழுக் கூடு செய்து தர ஆளில்லை. எனவே கூட்டைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனிச் சேசிஸின் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி ஹெரால்டை வடிவமைத்தார்கள். வியாபாரச் சிக்கலுக்காகச் செய்த அந்த ஏற்பாடு, அறுபது வருடம் கழித்து வீட்டில் உட்கார்ந்து வண்டியைப் பிரிக்கும் கிழவர்களுக்குப் பெரிய வரமாகிவிட்டது. ஒரு பகுதி கெட்டால் அந்தப் பகுதியை மட்டும் கழற்றலாம். பானெட்டோ, மட்கார்டும் முகமுமாகச் சேர்ந்து முன்பக்கமாக மொத்தமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் அம்மணமாக நிற்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். முட்டி வலிக்காரருக்கு இதைவிடத் தோதான கார் உலகத்திலேயே குறைவு. திரும்பும் வட்டம் 25 அடிதான். மயிலாப்பூர் சந்துக்குள் ஒடித்துத் திருப்பலாம்.

ஆனால் அதே ஹெரால்டுதான் என் முதல் கேள்வியையும் கூர்மையாக்குகிறது. அதன் முன்சக்கரம் திரும்பும் இடத்தில் டிரனியன் என்று ஒரு பித்தளைப் பாகம் இருக்கிறது. அதற்கு ஊற்ற வேண்டியது கியர் ஆயில். பார்த்தால் கிரீஸ் நிப்பிள் மாதிரியே இருப்பதால், தெரியாதவர் கிரீஸ் அடித்துவிடுவார். கிரீஸ் உள்ளே இறங்காது. உள்ளே காய்ந்து, துருப்பிடித்து, ஒருநாள் ஸ்பீடு பிரேக்கரில் சக்கரம் மடங்கி உட்காரும். அந்தக் காலத்தில் ஹெரால்டில் வேலை செய்த மெக்கானிக்கிடம் கேட்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிடுவார். அவரில்லாத ஊரில் நூறு கடைகள் இருந்தாலும் இந்த ஒரு வரி கிடைக்காது. ஸ்பேர் கதையும் இப்படித்தான். பிரிட்டனில் டிரயம்ஃபுக்கு இன்றும் சங்கங்களும் உதிரிப்பாகக் கடைகளும் உண்டு, எஞ்சின் சாமான், பிரேக் சாமான் எல்லாம் சுங்கம் கட்டி வரவழைக்கலாம். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு என்பது இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு கதவோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே உங்கள் வண்டியின் பின்கதவு நசுங்கினால், லண்டனில் இருக்கும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். ஒரு டிங்கர்தான் தகட்டை அடித்து எடுக்க வேண்டும்.

இனி ஆட்களைப் பற்றி.

ஒரு கார் மெக்கானிக்கின் ஆயுளில் கோடு கிழித்த வருடம் 2000. அதையொட்டி மாசு விதிகள் இறுகியபோது புதிய கார்களிலிருந்து கார்புரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் ஊசிமுனைகள் வந்தன. அதன் பிறகு தொழிலுக்கு வந்த பையன் பைக்கில் கார்புரேட்டர் பார்த்திருப்பான். காரில் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. கார் கார்புரேட்டரைக் காதால் சரிசெய்யத் தெரிந்தவர் 2000-க்கு முன்பே கைப்பையனாகச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் சேர்ந்து முழு மெக்கானிக்காகத் தேறியவர் என்று வைத்துக்கொண்டால், இன்று அவருக்கு நாற்பதுக்கு மேல். அம்பாசிடரும் பியட்டும் மட்டுமே ஓடிய காலத்தில் தேறியவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். உங்கள் வயதுதான். உங்களுக்குப் பென்ஷன் வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. அதனால்தான் இன்னும் பட்டறையில் இருக்கிறார். அவர் பையன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடத்தில் ரோபோ கைகளுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறான்.

காதால் சரிசெய்வது என்று சொன்னது உருவகம் அல்ல. எஸ்.யூ. கார்புரேட்டர் உள்ள வண்டியில், எஞ்சின் சும்மா ஓடும்போது அதன் பிஸ்டனை ஒரு நூல் அளவு தூக்குவார்கள். ஓட்டம் லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் பெட்ரோலும் காற்றும் சரி. ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் கூடுதல். திணறி நின்றால் குறைவு. இந்த மூன்று வாக்கியத்தையும் புத்தகத்தில் படிக்க ஒரு நிமிடம் போதும். "லேசாக ஏறி" என்பது எவ்வளவு லேசு என்று காது கற்றுக்கொள்ள ஆறு மாதமாவது ஆகும், அதுவும் பக்கத்தில் ஒருவர் நின்று "இல்ல சார், இன்னும் கொஞ்சம் கொடுங்க... ஆங், இப்ப விடுங்க" என்று சொல்ல வேண்டும். டிங்கரிங்கும் அப்படியே. நசுங்கிய தகட்டை உள்ளேயிருந்து தட்டித் தட்டி, உள்ளங்கையால் தடவிப் பார்த்து வளைவைக் கொண்டுவரும் ஆட்கள் அருகிவிட்டார்கள். இப்போது இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டுக் கதவையே மாற்றிவிடுகிறார்கள். மிச்சத்தைப் பட்டி நிரப்புகிறது. பழைய காரில் பட்டி விரலளவு கனத்தில் இருந்தால், அதற்குக் கீழே யாரோ சோம்பேறித்தனத்தைப் புதைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வண்டி மேல் ஓட்டிப் பாருங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது.

ஆகவே ஓய்வு பெறப்போகிறவர் கடைசி இரண்டு வருடத்தில் செய்ய வேண்டியது வண்டி தேடுவதல்ல. சனிக்கிழமை தோறும் ஏதாவது ஒரு பழைய பட்டறையில் போய் டீ வாங்கிக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது. எந்த வண்டிகள் அங்கே வருகின்றன, எந்த வண்டியைப் பார்த்ததும் மெக்கானிக்கின் முகம் மலர்கிறது, எதைப் பார்த்ததும் "இதுக்குச் சாமான் கெடைக்காது சார்" என்கிறார் என்று கவனிப்பது. அவர் கைக்குப் பழகிய வண்டியே நீங்கள் வாங்க வேண்டிய வண்டி. கோயம்புத்தூர்க்காரர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். பம்பும் மோட்டாரும் செய்து பழகிய ஊர், வார்ப்பும் லேத்தும் தெருவுக்குத் தெரு. தேய்ந்த புஷ்ஷைக் கொண்டுபோய்க் காட்டினால் அளவெடுத்துப் புதிது கடைந்து கொடுப்பார்கள். பழைய வண்டியை எந்த நிலைக்குக் கொண்டுவர முடியும் என்று கண்ணால் பார்க்க, அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரோடு சேர்ந்த ஜீடீ கார் அருங்காட்சியகமும் அங்கேதான் இருக்கிறது. சென்னைக்குப் புதுப்பேட்டை. அங்கே உடைத்த வண்டியின் சாமான்கள் குவிந்து கிடக்கும். ஆனால் பெயர் சொல்லிக் கேட்டால் விலை ஒன்று, பழைய சாமானைக் கையில் எடுத்துப்போய் "இது மாதிரி" என்றால் விலை இன்னொன்று. மெக்கானிக்கோடு போனால் மூன்றாவது விலை.

கருவிகளில் ஒரு சின்ன எச்சரிக்கை. பியட்டுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் போதும். அம்பாசிடரும் ஹெரால்டும் பிரிட்டிஷ் வம்சம், அவற்றுக்கு இஞ்ச் ஸ்பானர். 13 எம்.எம். ஸ்பானரை அரை இஞ்ச் நட்டில் போட்டால் உட்காரும், திருகினால் மூலை மழுங்கும். ஐம்பது வருடமாகப் பலர் இதைச் செய்திருப்பதால் உங்கள் கைக்கு வரும் நட்டு ஏற்கெனவே உருண்டையாகத்தான் இருக்கும். பொறுமையைச் சோதிக்கும் முதல் மாதம் அது.

சீரமைப்பு என்றால் என்ன என்ற கேள்வியைத் தள்ளிப்போடக் கூடாது. பழைய வாகனங்களுக்கான உலகச் சங்கங்களின் கூட்டமைப்பு ஃபிவா. 1966-லிருந்து இருக்கிறது. அது 30 வருடத்துக்கு மேற்பட்ட, வரலாற்றுப்படி சரியான நிலையில் பேணப்படுகிற வாகனத்தையே பாரம்பரிய வாகனம் என்கிறது. 2012-ல் அது ஏற்றுக்கொண்ட டூரின் சாசனத்தின் சாரம் எளிமையானது: முடிந்தவரை இருப்பதைக் காப்பாற்று, மாற்றியே ஆகவேண்டுமானால் மட்டும் மாற்று, மாற்றியது எது என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியும்படி அடையாளம் வை. நம் ஊரில் நடப்பது இதற்கு நேர் எதிர். வண்டி வாங்கியதும் முதல் வேலை மொத்தமாகப் பிரித்து, பெயிண்டை உரித்து, மணல் வீச்சுக்கு அனுப்புவது. கோயில்களில் நாம் செய்த தவறை நினைத்துப்பாருங்கள். திருப்பணி என்ற பெயரில் கற்சுவர்களில் மணலை வீசியடித்துப் பளிச்சென்று ஆக்கினோம், கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் சேர்ந்து மழுங்கின. காரின் மெல்லிய தகட்டில் மணலை வேகமாக வீசினால் தகடு அலையலையாக நெளிந்துவிடும். பிறகு அந்த நெளிவை மறைக்க மறுபடி பட்டி.

ஐம்பது வருடம் வெயிலில் வெளுத்த பெயிண்ட், பலர் கைபட்டு வழவழத்த ஸ்டீயரிங், தென்னைநார் அடைத்த சீட்டின் அமுக்கம் ஆகியவைதான் அந்தப் பழைய டாக்டர் வீட்டுக் கார். அவற்றைப் பிடுங்கிவிட்டுப் புது ரெக்ஸினும் பளபளக்கும் இருவண்ணப் பெயிண்டும் அடித்தால் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம், நல்ல வருமானம் வரும். நினைவு மட்டும் வண்டியை விட்டு இறங்கிப்போயிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது தத்துவம் அல்ல, கைக்கணக்கு. மொத்தமாகப் பிரித்த காரை மறுபடி சேர்க்காமல் கைவிட்டவர்கள், சேர்த்தவர்களைவிட அதிகம் என்பது எந்தப் பட்டறை வாசலில் நின்று பார்த்தாலும் தெரியும். பிரிக்க ஒரு வாரம் போதும். போல்ட்டுகள் எந்த இடத்தவை என்று மூன்றாவது மாதம் மறக்கும். டிங்கர் ஊருக்குப் போய் வரமாட்டார். யூடியூபில் நாற்பது நிமிடத்தில் முடிகிற வேலைக்குப் பின்னால் நாற்பது வாரம் இருக்கிறது, அதை யாரும் படம்பிடிப்பதில்லை. ஆகவே ஓடும் வண்டியை வாங்கி, ஓட்டிக்கொண்டே ஒரு சமயத்தில் ஒரு பாகத்தை மட்டும் கழற்றிச் சரிசெய்து மாட்டுவதே வயதானவருக்கு உகந்த வழி. இந்த மாதம் பிரேக், அடுத்த மாதம் ரேடியேட்டர். வண்டி எப்போதும் வண்டியாகவே இருக்கும். பேரன் வந்தால் ஏற்றிப்போகலாம்.

வேலையின் வரிசையில் பெரும்பாலோர் தலைகீழாகப் போகிறார்கள், முதலில் பெயிண்ட். அது கடைசி. முதலில் பிரேக்: வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ்கள், ஆயில், எல்லாம் புதிது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், எனவே டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதக்கூடாது, ஏர் அடிக்கவும் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அடுத்து ஸ்டீயரிங், முன் ஆக்ஸில். பிறகு வயரிங், ஏனெனில் எலி ஏற்கெனவே அங்கே குடும்பம் நடத்தியிருக்கும். எஞ்சின் அதற்கப்புறம்.

எஞ்சின் வேலையில் பெட்ரோல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கார்கள் பிறந்தபோது பெட்ரோலில் ஈயம் இருந்தது. வால்வு வந்து உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம் ஒரு மெத்தை. 2000-ல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. அதன்பின் அதிகம் ஓடிய பழைய எஞ்சின்களில் வால்வு இருக்கை மெல்ல மெல்லக் குழிந்திருக்கும். ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே கடினமான எஃகு வளையம் பொருத்திவிடுவது நல்லது. இது பழைய பிரச்சினை. புதியது எத்தனால். 2025-ல் பெட்ரோலில் 20 விழுக்காடு கலப்பு என்ற நிலைக்கு நாடு வந்துவிட்டது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துப் பொதபொதவென்று ஆக்கும், பெட்ரோல் பம்பின் ஜவ்வை இற்றுப்போகச் செய்யும், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி டேங்கின் அடியில் துருவைப் பெருக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் இதெல்லாம் வேகமாக நடக்கும். மருந்து இருக்கிறது: எத்தனால் தாங்கும் ரப்பர் ஹோஸ்களுக்கு மாறுவது, பம்புக்குப் புதிய ஜவ்வு, டேங்கைக் கழுவி உள்பூச்சு, கலவையைச் சற்றுக் கூட்டி வைப்பது. எல்லாவற்றையும்விட, பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது வண்டியை எடுத்து இருபது கிலோமீட்டர் ஓட்டுவது. ஓட்டுவதே பராமரிப்பு என்று சொன்னால் வீட்டில் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை.

சட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் கொண்டுவந்து, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய வழி செய்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும் தனி எண் வரிசை, ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கேட்க இனிக்கிறது. ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவற்றுக்கு மட்டும்தான் சாலை. காய்கறி வாங்கப் போனால் விதிமீறல். பிரிட்டனில் இதற்கு நேர்மாறு: 40 வருடம் தாண்டிய வண்டிக்குச் சாலைவரி இல்லை, ஆண்டுப் பரிசோதனைக் கட்டாயமும் பெரும்பாலும் இல்லை, எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். அவர்கள் பழைய காருக்குச் சாலையைக் கொடுத்தார்கள், நாம் மேடையைக் கொடுத்திருக்கிறோம்.

ஆகவே கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஓட்ட நினைப்பவர் விண்டேஜ் பதிவுக்குப் போகாமல், சாதாரணப் பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வருவது மேல். அதற்கான கட்டணத்தையும் ஏற்றிவிட்டார்கள். 2025 ஆகஸ்ட் திருத்தத்தின்படி 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய், பசுமை வரி தனி. 'பிரேக் இன்ஸ்பெக்டர்' வண்டியைப் பார்த்து, சேசிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்த படியைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். அந்த எண்ணே துருவில் மறைந்துபோன வண்டிகள் உண்டு. வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்கும் முன் அந்த எண்ணைத் துடைத்துப் பாருங்கள். ஆர்.சி. புத்தகம் இறந்துபோன தாத்தா பெயரில் இருந்து, வாரிசுகள் ஐந்து பேர் ஐந்து ஊரில் இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். ஒரு நண்பருக்காக அப்படியொரு வண்டியின் பெயர் மாற்றத்துக்கு அலைந்திருக்கிறேன். எஞ்சினைப் போர் போட்டு மாட்டியது அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. இன்சூரன்ஸிலும் ஒரு வார்த்தை: ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்துகொள்ள இடம் உண்டு. செய்த வேலைக்கெல்லாம் பில்லும் புகைப்படமும் வைத்திருப்பவரின் பேச்சு எடுபடும்.

உடம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காருக்கு அடியில் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பது இருபது வயதிலும் முட்டாள்தனம், அறுபதில் கேட்கவே வேண்டாம். நான்கு ஸ்டாண்டுகள் முதல் நாள் வாங்க வேண்டியவை. கியர்பாக்ஸைத் தனியாக இறக்க முயலாதீர்கள், செயின் பிளாக்கும் இரண்டு பையன்களும் வேண்டும். பழைய பெயிண்டைத் தேய்த்தால் வரும் தூசியில் ஈயம் உண்டு. இன்றைய இரண்டு கலவைப் பெயிண்டுகளில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலில் ஆஸ்துமாவைக் கிளப்பும். வீட்டுப் பின்கட்டில் ஸ்பிரே அடிக்க வேண்டாம், பட்டறையில் விட்டுவிடுங்கள். இடமும் இல்லை, இடுப்பும் இல்லை என்பவருக்குக் கார்தான் என்று கட்டாயமில்லை. திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட் ஒன்றைத் திண்ணையோரம் நிறுத்தி, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பிரித்து மாட்டலாம். சுகம் அதே சுகம்தான், எடை மட்டும் குறைவு.

இதனால் மனதுக்கு நல்லதா? 2023-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 16 நாடுகளைச் சேர்ந்த 65 வயதுக்கு மேற்பட்ட 93,263 பேரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தது. ஏதாவதொரு பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகவும், உடல்நலம் பற்றிய நம்பிக்கையும் வாழ்க்கைத் திருப்தியும் கூடுதலாகவும் இருந்தன. அந்தப் பதினாறில் இந்தியா இல்லை, பொழுதுபோக்கு என்பதில் தோட்டமும் உண்டு, சீட்டாட்டமும் உண்டு. மனம் தெம்பாக இருப்பவர்தான் பொழுதுபோக்கைத் தேடிப் போகிறார் என்று திருப்பியும் வாதிடலாம். நான் அதிலிருந்து அதிகம் கறக்க விரும்பவில்லை. நான் பார்த்தவரை பழைய கார் கொடுப்பது வேறொன்று. முப்பது வருடம் ஆபீசில் ஒரு நாற்காலிக்கு மரியாதை வாங்கிய மனிதர், பட்டறையில் ஒன்றும் தெரியாதவராக நிற்கிறார். "சார், நீங்க லைட்டை மட்டும் பிடிங்க" என்கிறார் தன் வயதையொத்த மெக்கானிக். இரண்டாவது வருடத்தில் "சார், அந்த பிளக் கேப்பை நீங்களே பாத்துருங்க" என்கிறார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் இருக்கும் தூரத்தைக் கடக்க நினைப்பவர் இதில் இறங்கலாம். லாபத்துக்கு விற்க நினைப்பவருக்குப் பிக்சட் டெபாசிட் போதும். செய்த செலவை விற்பனை விலை மீட்டுக் கொடுப்பது அபூர்வம்.

வீட்டம்மாவின் கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது, அது எல்லாக் கேள்விகளையும்விட நேரானது: "உங்களுக்கு அப்புறம் இத என்ன பண்றது?" இதற்கான பதிலை முதல் நாளே தொடங்க வேண்டும். நீள் சதுர நோட்டு ஒன்று வாங்குங்கள். எந்தத் தேதியில் எதைக் கழற்றினீர்கள், எந்த அளவில் எதைக் கடைந்தீர்கள், பிஸ்டன் எத்தனை ஓவர்சைஸ், எந்தப் பட்டறை, யார் செய்தது, டிரனியனுக்குக் கிரீஸ் அல்ல கியர் ஆயில் என்று மெக்கானிக் சொன்னது உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுத நேரமில்லாத நாளில் மெக்கானிக் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். கழற்றிய பழைய பாகங்களை வீசாமல் பால் பவுடர் டப்பாக்களில் போட்டுப் பெயர் ஒட்டி வையுங்கள். ஒருநாள் உங்கள் மகளோ மகனோ வாரிசுப் பெயர் மாற்றத்துக்கான படிவம் 31-ஐ நிரப்பி ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரிசையில் நிற்பார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகாமல் ஓட்டிக்கொண்டு போக, அவர்களுக்கு எந்த டப்பாவில் எந்த நட்டு என்று தெரிந்திருக்க வேண்டும்.